46ஐ இரண்டாகப் பிரித்தால் எத்தனை?



தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாம், பதினோராம் தரத்தில் பிள்ளைகள் உள்ள பெற்றோரும், விஞ்ஞானம் கற்பிக்கும் சக ஆசிரியர்களும், வீட்டில் மருமகள் உள்ள உம்மாமாரும் கடைசிவரை வாசித்தால் நல்லது. விஞ்ஞானப் பாடத்துக்கும் மருமகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது, கீழே வரும்.

வினாத்தாளில் ஒரே பாடத்திலிருந்து இரண்டு கேள்விகள் போட்டிருந்தோம். முதலாவது, எல்லோரும் எதிர்பார்க்கும் கேள்வி: இழையுருப்பிரிவுக்கும் ஒடுக்கற்பிரிவுக்கும் இடையிலான வேறுபாடுகள் நான்கு தருக. வகுப்பில் அநேகமாக எல்லோரும் முழுப் புள்ளி. நடுவில் கோடு கீறி, இந்தப் பக்கம் 'மகட்கலங்கள் இரண்டு', அந்தப் பக்கம் 'மகட்கலங்கள் நான்கு'. இந்தப் பக்கம் 'நிறமூர்த்த எண்ணிக்கை மாறாது', அந்தப் பக்கம் 'அரைவாசியாகும்'. எழுத்தும் அழகு, விடையும் சரி.

இரண்டாவது கேள்வி அடுத்த பக்கத்தில்: மனிதத் தோற்கலம் ஒன்றில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. அது இழையுருப்பிரிவடைந்தால் ஒவ்வொரு மகட்கலத்திலும் எத்தனை நிறமூர்த்தங்கள் இருக்கும்?

அரைவாசிக்கும் அதிகமானோர் எழுதிய விடை: 23.

அதே பிள்ளை, அதே பேனை. ஒரு பக்கத்தில் 'எண்ணிக்கை மாறாது' என்று எழுதிய கை, பக்கத்தைப் புரட்டியதும் 46ஐ இரண்டால் வகுத்திருக்கிறது. ஒடுக்கற்பிரிவுக்கு நாலு கலம் என்பதால் 46ஐ நாலால் வகுத்து பதினொன்றரை என்று எழுதிய பிள்ளையும் உண்டு. அரை நிறமூர்த்தம்! சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பதினொன்றரையைப் பிள்ளை தானாக எழுதவில்லை, அதை எழுத வைத்தவர்கள் நாங்கள்தான்.

நாங்கள் என்று சொல்வது இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் எல்லோரையும் சேர்த்துத்தான். வருடக்கணக்காக நாங்கள் செய்வது இதுதான்: பலகையில் அட்டவணையைப் போடுவது, கொப்பியில் எழுத வைப்பது, மனனமாக்க வைப்பது, கடந்தகால வினாத்தாள் செய்ய வைப்பது. புள்ளி வருகிறது. ஆனால் பாடம் உள்ளே போகவில்லை. எங்கள் கருத்து இதுதான்: இந்த அட்டவணையை முதலில் எழுதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இது பரீட்சைக்காக மட்டும் சொல்வதல்ல.

முதலில் பிழை எங்கே என்று பார்ப்போம். பிழை 'பிரிவு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் பிரிப்பது என்றால் உள்ளதைப் பங்கு போடுவது. ஒரு ரொட்டியை இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. பிள்ளை சின்ன வயதிலிருந்து கண்ட பிரிவு அதுதான். ஆகவே கலம் பிரிகிறது என்று கேட்டதும் உள்ளே இருப்பதும் பாதியாகும் என்று நினைப்பது நியாயமான நினைப்பு. கலத்தின் இரகசியம், அது பிரிவதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுகிறது என்பது. இதை நாங்கள் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுகிறோம்.

பரீட்சை மண்டபம் இரண்டு, கையில் இருப்பது 46 பக்கமுள்ள ஒரே ஒரு வினாத்தாள் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டை நடுவில் கிழித்து மண்டபத்துக்கு 23 பக்கம் கொடுப்போமா? முதலில் போட்டோகொப்பி எடுப்போம். ஒவ்வொரு மூலப் பக்கத்தோடும் அதன் பிரதியைக் கிளிப் பண்ணி வைப்போம். பிறகு கிளிப்பைக் கழற்றி, ஒன்றை இந்த மண்டபத்துக்கு, ஒன்றை அந்த மண்டபத்துக்கு. இரண்டிலும் 46 பக்கம். அதுதான் இழையுருப்பிரிவு. விரலில் காயம் பட்டு ஆறும்போது, குழந்தை வளரும்போது, வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து வேர் விடும்போது நடப்பது இதுதான். வெங்காயத்துக்கு 16, வேர் எவ்வளவு நீண்டாலும் ஒவ்வொரு கலத்திலும் 16. நெல்லுக்கு 24. தென்னைக்கு 32. தோற்கலத்துக்கு 46.

அப்படியென்றால் ஒடுக்கற்பிரிவு எதற்கு? இதைக் கேட்காமல் அந்தப் பாடத்தைத் தொடங்கவே கூடாது. சூலிலும் விந்திலும் 46 வீதம் இருந்தால் பிள்ளைக்கு 92. அந்தப் பிள்ளை வளர்ந்து கலியாணம் முடித்தால் அதன் பிள்ளைக்கு 184. இப்படியே போனால் பத்தாவது தலைமுறையில் 47,104. வகுப்பில் பிள்ளைகளையே கணக்குப் போட விட்டோம். மூன்றாவது தலைமுறை வரும்போதே பின்வரிசைப் பையன் ஒருவன் சத்தம் போட்டான்: "ஸேர், இது சரிவராது. எங்கயாச்சும் பாதியாக்கியே ஆகணும்."

அவ்வளவுதான். அவன் சொன்ன அதே நியாயத்தைத்தான் 1887இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் வைஸ்மன் சொன்னார். எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒரு பிரிவு எங்கோ நடந்தே ஆக வேண்டும் என்றார். அதற்கு நாலு வருடம் முன்பு, 1883இல், பெல்ஜியத்தில் வான் பெனெடென் குதிரையின் வயிற்றிலுள்ள வட்டப்புழுவை எடுத்து, அதன் சூலிலும் விந்திலும் உடற்கலத்தில் உள்ளதில் பாதிதான் இருக்கிறது என்று காட்டியிருந்தார். எங்கள் பின்வரிசைப் பையனுக்கு வைஸ்மனைத் தெரியாது. ஆனால் காரணம் அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியவனுக்கு 'அரைவாசியாகும்' என்பதை மனனமாக்கத் தேவையில்லை.

அடுத்து, எப்படிப் பாதியாகிறது? இங்கேதான் ஈர்க்கில் வந்தது. வீட்டு விளக்குமாற்றிலிருந்து பிள்ளைகள் ஆளுக்கு நாலு ஈர்க்கில் கொண்டு வந்தார்கள். நீளமான துண்டு இரண்டு, கட்டையான துண்டு இரண்டு. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்குச் சிவப்பு மை, மற்றது வெறுமனே. சிவப்பு உம்மாவிடமிருந்து வந்தது, வெறுமையானது வாப்பாவிடமிருந்து வந்தது. நாலு நிறமூர்த்தம் உள்ள ஒரு கற்பனைக் கலம். செலவு ஒரு சதமும் இல்லை, றப்பர் பட்டி மட்டும்தான்.

ஒவ்வொரு துண்டுக்கும் அதே அளவில், அதே நிறத்தில் ஒரு பிரதி வெட்டி, றப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டச் சொன்னோம். இதுவரை இரண்டு பிரிவுக்கும் ஒரே வேலை. வித்தியாசம் இதற்குப் பிறகுதான்.

இழையுருப்பிரிவில் நாலு கட்டையும் ஒரே வரிசையில் வைத்து, பட்டியைக் கழற்றி, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் நாலு. முடிந்தது.

ஒடுக்கற்பிரிவில் பட்டியைத் தொடவே கூடாது. நீளமும் நீளமும் சோடி சேர வேண்டும், கட்டையும் கட்டையும் சோடி சேர வேண்டும். பிறகு சோடிகள்தான் பிரிகின்றன. இந்தப் பக்கம் இரண்டு கட்டு, அந்தப் பக்கம் இரண்டு கட்டு. எண்ணிக்கை பாதியாவது இந்த முதலாம் பிரிவிலேயே. இரண்டாம் பிரிவில்தான் பட்டி கழருகிறது, பிரதிகள் பிரிகின்றன. கடைசியில் நாலு குவியல், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. மனிதனுக்கு என்றால் நாலு கலம், ஒவ்வொன்றிலும் 23. பதினொன்றரை எழுதிய பிள்ளை தானே எண்ணிப் பார்த்துவிட்டு, தன் விடைத்தாளைத் தானே வெட்டித் திருத்திக்கொண்டான்.

இன்னொன்றும் அவர்கள் கையில் பிடிபட்டது. அந்த 23 ஏதோவொரு 23 அல்ல. பள்ளிவாசல் வாசலில் 23 சோடிச் செருப்புக் கிடந்தால், கண்ணை மூடிக்கொண்டு 23 செருப்பை அள்ளுவது பாதியல்ல. ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்று எடுப்பதுதான் இங்கே பாதி. எந்தச் சோடியும் விடுபடக் கூடாது, எந்தச் சோடியிலும் இரண்டு வரக் கூடாது. ஆனால் சிவப்பா வெறுமையா என்பது ஒவ்வொரு சோடியிலும் தனித்தனி. 23 சோடிக்கும் இப்படிப் பார்த்தால் 83 இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மானங்கள் வரும். ஒரே வாப்பா உம்மாவுக்குப் பிறந்த நானாவும் தங்கச்சியும் ஏன் ஒரேமாதிரி இல்லை என்பதற்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

ஒடுக்கற்பிரிவு சரிவராவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நாம் வாங்கும் கோழிக்கூட்டு வாழைப்பழத்துக்கு நிறமூர்த்தம் 33. சோடி சோடியாக அல்ல, 11 வீதம் மூன்று தொகுதி. மூன்று பேரைச் சோடி சேர்க்க முடியுமா? முடியாது. அதனால் ஒழுங்கான புணரிகள் உண்டாவதில்லை, விதையும் இல்லை. வாழை தன் பக்கக் கன்றை இழையுருப்பிரிவால்தான் தருகிறது. கன்று தாய் மரத்தின் பிரதி. நமக்கு விதையில்லாமல் சாப்பிட வசதி, ஆனால் ஒரே பிரதியாக நிற்கும் தோட்டத்துக்குள் வாடல் நோய் நுழைந்தால் எல்லா மரமும் ஒன்றுபோலவே மாட்டிக்கொள்ளும். ஒரு பிரிவு எண்ணைக் காக்கிறது. மற்றது எண்ணைப் பாதியாக்கி, கூடவே வேறுபாட்டையும் தருகிறது. இரண்டும் வேண்டும்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறோம்.

ஈர்க்கில் பாடம் முடிந்து மணி அடித்த பிறகு ஒரு மாணவி போகாமல் நின்றாள். அவளுடைய உம்மாவின் சம்மதத்தோடுதான், அடையாளம் எதுவும் இல்லாமல் இதைச் சொல்கிறோம். மெதுவாகக் கேட்டாள்: "ஸேர், எங்கட தம்பிக்கு 47 இருக்கெண்டு டொக்டர் சொன்னாங்க. அந்த ஒண்டு எங்க இருந்து வந்தது?"

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வீட்டில் அந்த ஒன்றுக்கு ஆளுக்கொரு விளக்கம். கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள் என்று ஒருவர். கண்ணூறு என்று ஒருவர். சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டாள் என்று ஒருவர். அவள் செய்த ஏதோ ஒன்றுக்கு அல்லாஹ் தந்த தண்டனை என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். எல்லா விளக்கமும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: உம்மாவின் பிழை. நாலு வருடமாக அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்.

'மகட்கலங்கள் நான்கு, எண்ணிக்கை அரைவாசி' என்ற அட்டவணையில் இந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை இல்லை. மேசையில் கிடந்த ஈர்க்கிலில் இருந்தது.

கட்டைச் சோடியை எடுத்து, முதலாம் பிரிவில் இரண்டையும் பிரிக்காமல் ஒரே பக்கம் தள்ளிப் பார்க்கச் சொன்னோம். அவளே செய்து முடித்தாள். கடைசியில் நாலு குவியல்: இரண்டில் மூன்று துண்டு, இரண்டில் ஒரு துண்டு. மூன்று துண்டுள்ள குவியலோடு மற்றப் பக்கத்திலிருந்து சரியான இரண்டு வந்து சேர்ந்தால் ஐந்து. நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. மனிதனில், 21ஆம் சோடி இப்படிப் பிரியாமல் போனால் அந்தப் புணரியில் 24. மற்றதிலிருந்து 23. சேர்ந்தால் 47. அந்த ஒன்று வந்த வழி இதுதான். இரண்டாம் பிரிவில் பிரதிகள் பிரியாமல் போனாலும் இதே முடிவு வரலாம்.

இது எப்போது நடந்தது என்பதுதான் முக்கியம். அநேகமான பிள்ளைகளில், கருத்தரிப்பதற்கு முன்பே, அல்லது கருத்தரிக்கும் அந்த நேரத்தில். அதாவது அந்தப் பெண் தான் கர்ப்பம் என்று அறிவதற்கு முன்பே எண்ணிக்கை தீர்மானமாகிவிட்டது. பிறகு அவர் எதைச் சாப்பிட்டாலும், எங்கே போனாலும், யார் பார்த்தாலும், 46 என்பது 47 ஆகாது. 47 என்பது 46 ஆகவும் மாட்டாது.

கூடுதலான அந்த ஒன்று பெரும்பாலும் சூலிலிருந்து வருகிறது என்பது உண்மைதான். சிலரில் விந்திலிருந்தும் வருகிறது. சூலிலிருந்து ஏன் அதிகம் என்று விளங்கினால் பழி சொல்லும் வாய் தானாக மூடும். ஒரு பெண்ணின் சூல்கள் ஒடுக்கற்பிரிவைத் தொடங்குவது அவர் பிறந்த பிறகு அல்ல, தன் உம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே. தொடங்கி, முதலாம் பிரிவின் முன்னவத்தையில், சோடிகள் சேர்ந்த நிலையில் அப்படியே நின்றுவிடுகின்றன. வயதுக்கு வந்த பிறகு மாதம் ஒன்றாக அந்தப் பிரிவு தொடர்கிறது. விந்து உள்ளே போனால்தான் இரண்டாம் பிரிவு முடிகிறது. 38 வயதில் தாயாகும் ஒருவரின் சூல், 38 வருடத்துக்கும் மேலாகச் சோடிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சூல். இவ்வளவு காலம் பிடித்திருந்த பிடி ஒரு சோடியில் பிசகுவது யாருடைய நடத்தைப் பிழையும் அல்ல. வயது ஏற ஏற வாய்ப்புக் கூடுகிறது, இருபதுகளில் உள்ள தாய்மாருக்கும் நடக்கிறது.

இங்கே இரண்டு விடயம் கலந்துவிடுகிறது, பிரித்துச் சொல்ல வேண்டும். சொந்தத்துக்குள் முடித்ததால்தான் இப்படி என்று சிலர் சொல்கிறார்கள். நெருங்கிய சொந்தத்துக்குள் கலியாணம் செய்வதால் தலசீமியா போன்ற நோய்களின் வாய்ப்புக் கூடும் என்பது சரி, கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. ஆனால் தலசீமியாவில் நிறமூர்த்தம் 46தான், குறை அதற்குள் உள்ள ஒரு பரம்பரையலகில். இது எண்ணிக்கை பிசகிய கதை. இரண்டும் வேறு வேறு.

இழையுருப்பிரிவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குக் கருக்கட்டிய பிறகு நடக்கும் இழையுருப்பிரிவில் ஒரு கலம் பிசகுவதாலும் இந்த நிலை வரலாம். அப்போது உடலில் சில கலங்களில் 46, சில கலங்களில் 47 இருக்கும். இன்னும் ஒரு சிறு பகுதியினருக்கு மொத்தம் 46தான், ஆனால் 21ஆவதன் மேலதிகத் துண்டு இன்னொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும். இந்த வகை மட்டும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்புண்டு. பிள்ளையின் நிறமூர்த்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்று டொக்டர் வற்புறுத்துவது இதனால்தான். யாரில் பிழை என்று தேடுவதற்காக அல்ல.

எண்ணிக்கையைச் சரியாக எண்ணுவதற்கு உலகமே எவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 1923இல் அமெரிக்காவில் பெயின்ரர் என்பவர் மனிதனுக்கு 48 என்றார். முப்பது வருடத்துக்கும் மேலாகப் புத்தகங்கள் 48 என்றே எழுதின. 1955 கடைசியில் சுவீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் தெளிவான படம் எடுத்து 46 என்று எண்ணினார்கள், அடுத்த வருடம் வெளியிட்டார்கள். 46 என்று உறுதியான பிறகுதான் 47 என்பது கண்ணில் பட முடியும். 1959இல் பாரிஸில் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமண்ட் துர்ப்பான் ஆகியோர் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் 47ஐக் கண்டு அறிவித்தார்கள். லண்டனில் லாங்டன் டவுன் இந்த நிலையை விவரித்தது 1866இல். நடுவில் 93 வருடம். அந்த 93 வருடமும் காரணம் தெரியாமல் எத்தனை உம்மாமார் பழி சுமந்திருப்பார்கள்? இப்போது காரணம் தெரிந்தும் அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் சுமக்க வைத்தால் அதற்கு யார் பொறுப்பு? பத்தாம் தரத்தில் இந்தப் பாடத்தைப் படித்து, அட்டவணைக்கு முழுப் புள்ளி எடுத்தவர்கள்தானே இன்று மாமிமாராகவும் மச்சான்மாராகவும் இருக்கிறோம்?

இதே ஈர்க்கில் இன்னொரு பழியையும் துடைக்கும். "இவள் பொம்புளப் புள்ளயே பெறுறாள்" என்று சொல்கிறோமே, பெண்ணின் சூலில் வருவது எப்போதும் எக்ஸ்தான். ஆணின் ஒடுக்கற்பிரிவில்தான் எக்ஸ் ஒரு விந்துக்கும் வை இன்னொரு விந்துக்கும் பிரிந்து போகின்றன. எது வந்து சேரும் என்பது அல்லாஹ்வின் நாட்டம். அதில் மருமகளின் கை எங்கே இருக்கிறது?

மார்க்கத்தின் பெயரால் பழி சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மகனின் மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். துக்கத்தில் இருந்த அந்த நேரத்திலும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். அந்த உம்மத்தில் இருந்துகொண்டு, கிரகணத்தைக் காரணம் காட்டி ஒரு தாயைக் குத்திப் பேசுவது எப்படிச் சரியாகும்? ஒருவரின் பாவச் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்று நம்பும் நாம், குழந்தையைத் தாயின் தண்டனை என்று எப்படிச் சொல்வது?

வட்ஸ்அப்பில் வரும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேனீயின் பெயர் கொண்ட ஸூரா 16ஆவது, ஆண் தேனீயின் நிறமூர்த்தம் 16, ஆகவே அற்புதம் என்று வருடா வருடம் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் மாணவர்களும் அனுப்புகிறார்கள். ஆண் தேனீக்கு 16 என்பது சரி. ஆனால் அதே கூட்டில் ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் 32. தேனைச் சேர்ப்பது அந்த 32 உள்ள வேலைக்காரத் தேனீ. ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்து வருவதால் ஒரே தொகுதிதான், சோடியே இல்லை. அதனால் அது தன் எண்ணிக்கையைப் பாதியாக்காமலே விந்தை உண்டாக்குகிறது. வியப்பதென்றால் இந்த ஏற்பாட்டைப் பார்த்து வியக்கலாமே! எங்கள் ஈமான் ஓர் இலக்கத்தில் தொங்கவில்லை. எண்ணைப் பகிர்வதில் நாம் காட்டும் வேகத்தில் பாதியையாவது, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பதில் காட்டியிருந்தால், அந்த மாணவியின் உம்மா இவ்வளவு காலம் அழுதிருக்க மாட்டார்.

சக ஆசிரியர்களுக்கு: பாடத்திட்டம் முடியாது, நேரம் இல்லை, அட்டவணைக்குத்தான் புள்ளி என்று சொல்வீர்கள். நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஈர்க்கில் பாடத்துக்கு நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றும், அடுத்ததில் பாதியும்தான் போனது. அதற்குப் பிறகு அட்டவணையைப் பிள்ளைகளே எழுதினார்கள், நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசியில் வரட்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: 'வேறுபாடுகள் தருக' என்பதோடு நிறுத்தாமல், ஒரு எண்ணைக் கொடுத்து, அடுத்த கலத்தில் எத்தனை, ஏன் என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு: 35க்கு மேல் பிள்ளை எதிர்பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கிளினிக்குக்கு நேரத்தோடு போங்கள். மிட்வைஃபிடம் மறைக்க வேண்டாம். பிள்ளை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தால் இதயத்தைக் கட்டாயம் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், அநேகமானவற்றைச் சத்திர சிகிச்சையால் சரி செய்யலாம். தைரொயிட், காது, கண் மூன்றையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சியைச் சின்ன வயதிலேயே தொடங்குங்கள். பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைகள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு: மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21ஆவது நிறமூர்த்தம் மூன்று என்பதால் மூன்றாம் மாதம் 21. அதையொட்டி வரும் ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இந்தத் தாய்மாருக்காகப் பேசச் சொல்லுங்கள். எங்கள் அட்டவணையால் செய்ய முடியாததை அந்த ஐந்து நிமிடம் செய்யலாம்.

அந்த மாணவி அன்றைக்கு ஈர்க்கில் துண்டுகளையும் றப்பர் பட்டியையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனாள். இரவு வாப்பும்மாவை உட்கார வைத்துச் செய்து காட்டியிருக்கிறாள். வாப்பும்மா மூன்று தரம் திருப்பித் திருப்பிச் செய்யச் சொன்னாராம். கடைசியில் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய், தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாராம். அடுத்த நாள் உம்மா பாடசாலைக்கு வந்தார். எங்களிடம் அதிகம் பேசவில்லை. "அந்த ஈர்க்கில் எனக்கும் ஒருக்கா செஞ்சு காட்டுங்க ஸேர்" என்றார்.

காட்டினோம். இந்தப் பாடத்தை இத்தனை வருடம் படிப்பித்ததில், சரியாகப் படிப்பித்தோம் என்று எங்களுக்குத் தோன்றிய நாள் அதுதான்.

உங்கள் வீட்டிலும் விளக்குமாறு இருக்கும். இன்றைக்கே பிள்ளையைக் கூப்பிட்டு, 46ஐ இரண்டாகப் பிரித்தால் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். 23 என்று சொன்னால் ஏச வேண்டாம், நாலு ஈர்க்கிலை உருவிக் கொடுங்கள்.